பழைய குயில்ட் கண்காட்சி நடத்தி ஒரு பழைய கட்டிடத்தைக் காப்பாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய கட்டிடத்தின் கூரை ஒழுகுகிறது, சரிசெய்யப் பணம் இல்லை. அதே ஊரில் பல வீடுகளின் பெட்டிகளுக்குள்ளும் பரண்களிலும் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ கையால் தைத்த குயில்ட்கள் வருடக்கணக்கில் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. அவற்றை இரண்டு நாள் வெளியே எடுத்து, ஒழுங்காக மாட்டி, கதையோடு காட்டினால் ஆட்கள் வருவார்கள், பணமும் சேரும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூரை போனால் திரும்பப் போடலாம், 130 வருடத்துப் பட்டு கிழிந்தால் கிழிந்ததுதான். ஒரு பழைய பொருளைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடாமல் நடத்துவதுதான் இதில் உள்ள உண்மையான வேலை. கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

குயில்ட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: மேலே ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி, இந்த மூன்றையும் நுணுக்கமான ஓட்டுத் தையலால் ஒன்றாகப் பிணைத்த போர்வைதான் குயில்ட். நிகழ்ச்சிக்கு ஒன்பது மாதமாவது முன்னால் வேலையைத் தொடங்குங்கள், ஒரு வருடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

1. பணம் எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"பாரம்பரியத்தைப் பாதுகாக்க" என்று போஸ்டரில் போட்டால் யாருக்கும் கை பர்ஸுக்குப் போகாது. "வடக்குப் பக்கத்து ஆறு ஜன்னல்களைச் சரிசெய்ய" என்று போட்டுப் பாருங்கள், ஒரு ஜன்னலுக்கு நான் தருகிறேன் என்று ஒருவர் வருவார். பழைய கட்டிடத்தில் எதை முதலில் செய்வது என்று குழப்பம் வந்தால் தண்ணீரைப் பின்தொடருங்கள். கூரை, மழைநீர்க் குழாய், சுவரின் அடிப்பகுதி, இவைதான் முதலில். ஈரம் உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை சுவருக்குப் பூசும் வண்ணமும் உள்ளே செய்யும் மரவேலையும் வீண்.

பழைய கட்டிடங்களில் அனுபவமுள்ள கட்டிடக் கலைஞரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். சாதாரண மேஸ்திரியிடம் மட்டும் கேட்டால் சிமென்ட் பூசிவிடலாம் என்று சொல்லிவிடக்கூடும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய செங்கல் சுவரில் கெட்டியான சிமென்டை அடைத்தால் ஈரம் கலவை வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், சில வருடத்தில் செங்கல்லின் முகம் உதிர ஆரம்பிக்கும். திரட்டிய பணமே கட்டிடத்தைக் கெடுத்த கதையாக அது முடியக் கூடாது.

பொதுமக்கள் பணம் சேர்த்தால் பெரிய வேலையும் நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீடு பாழடைந்துகொண்டிருந்தபோது, 1853-ல் ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற பெண் அதைக் காப்பாற்றப் பெண்களைத் திரட்டிச் சங்கம் தொடங்கினார். 2,00,000 டாலர் விலை பேசி 1858-ல் ஒப்பந்தம் போட்டு, நாடு முழுக்கப் பணம் திரட்டி அந்த வீட்டை வாங்கினார்கள். இன்றும் அந்தச் சங்கத்தின் கையில்தான் வீடு இருக்கிறது. அவர்கள் காட்டியது ஒரே ஒரு வீட்டை, கேட்டது ஒரே ஒரு தொகையை.

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வையுங்கள். நன்கொடை ரசீதுக்கும் வரிச்சலுகைக்கும் உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு கணக்காளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

2. இடம்: வெளிச்சம்தான் முதல் எதிரி

காப்பாற்ற நினைக்கும் கட்டிடத்திலேயே கண்காட்சியை வைக்க ஆசை வரும். ஆட்கள் விரிசலை நேரில் பார்ப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே அடுத்தவர் வீட்டுக் குயில்ட்டை மாட்டாதீர்கள். ஈரமில்லாத ஒரு பகுதி இருந்தால் அங்கே வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு கூடத்தைப் பிடித்து, கட்டிடத்துக்கு நேரம் குறித்துச் சுற்றிக்காட்டலாம்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். பழைய துணிகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது மங்கலான ஒரு அறை. வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பி வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 லக்ஸில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், இரண்டு நாள் என்றால் மொத்தம் 800 லக்ஸ்-மணி. உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அந்த வெயில் ஜன்னல் வழியாக ஒரு குயில்ட்டின் மேல் அரை நிமிடம் விழுந்தாலே 800 லக்ஸ்-மணியைத் தாண்டிவிடும். இரண்டு நாள் கண்காட்சி முழுவதும் படும் வெளிச்சம், அரை நிமிடத்தில்.

அதனால் இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் போய் நின்று, வெயில் எந்தத் தரையில் எப்போது விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களுக்கு வெள்ளைப் பருத்தித் திரையோ புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒட்டுத்தாளோ போடுங்கள். விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், குயில்ட்டுக்கு நேராக அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பட்டும். மங்கலாகத் தெரிகிறதே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். வாசலிலேயே காரணத்தை இரண்டு வரியில் எழுதி வைத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது, சட்டென்று ஏறி இறங்குவதுதான் கெடுதல். சாப்பாடும் தண்ணீரும் வேறு அறையில்.

3. குயில்ட் வாங்கும் நாள்

இரண்டு மாதம் முன்னால் ஒரு நாளைக் குறித்து, வீட்டில் உள்ள குயில்ட்டை வெள்ளைத் தலையணை உறையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம் என்பதைப் பெரிதாக எழுதுங்கள். பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், பூஞ்சை பிடிக்கும்.

1981-ல் கென்டக்கி குயில்ட் திட்டம் என்ற ஒன்று அமெரிக்காவில் தொடங்கியது. அந்த மாநிலத்தில் ஊர் ஊராக ஒரு நாள் முகாம் போட்டு, மக்கள் கொண்டுவந்த குயில்ட்களைப் படம் எடுத்து, யார் தைத்தது, எப்போது, எப்படிக் கைமாறி வந்தது என்று பதிவு செய்தார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நீங்களும் இந்த நாளை வெறும் பொருள் வாங்கும் நாளாக நினைக்காமல் பதிவு நாளாக நடத்துங்கள். கண்காட்சி இரண்டு நாளில் முடிந்துவிடும், இந்தப் பதிவு நிற்கும்.

மூன்று மேசை போடுங்கள். முதல் மேசையில் பூச்சி சோதனை. இதைத் தாண்டாமல் எந்தக் குயில்ட்டும் அடுத்ததன் பக்கத்தில் போகக் கூடாது. மடிப்புகளுக்குள், விளிம்புப் பட்டையின் ஓரத்தில், கம்பளித் துணி இருந்தால் அதன் மேல், மணல் போன்ற எச்சமோ கூட்டு நூலோ சின்ன ஓட்டைகளோ இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் உடனே தனியாக வைத்து, உரிமையாளரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறைய வைத்தால் பூச்சி சாகும். உள்ளே ஈரம் படியாமல் இருக்க, அறை வெப்பத்துக்கு முழுதாக வந்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு நான் விலக்குக் கொடுப்பது இதற்கு மட்டும்தான்.

இரண்டாவது மேசையில் படிவம். நீள அகலம், துணி வகை, கறை, கிழிசல், ஒட்டு, எல்லாவற்றையும் உரிமையாளர் முன்னாலேயே எழுதி, முன்பக்கம், பின்பக்கம், சேதமுள்ள இடம் என்று படம் எடுத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி. இதைச் செய்யாமல் விட்டால் திருப்பிக் கொடுக்கும்போது "இந்தக் கறை முன்னால் இல்லையே" என்று ஒருவர் நிற்பார், உங்களிடம் பதில் இருக்காது. அவர் மேல் தப்பில்லை, அவர் அந்தக் குயில்ட்டைப் பத்து வருடமாக விரித்தே பார்த்திருக்க மாட்டார்.

காப்பீடு எடுங்கள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை பயணத்தையும் சேர்த்துக் காக்கும் காப்பீடாக இருக்க வேண்டும். மதிப்பை உரிமையாளர் சொல்லட்டும், தெரியவில்லை என்றால் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் சொல்லட்டும். அமைப்பாளர்கள் யாரும் வாய்க்கு வந்த விலையைச் சொல்லக் கூடாது, பேச்சுவாக்கில்கூட. எண் சீட்டைப் பருத்தி நாடாவில் எழுதி, பின்பக்க மூலையில் இரண்டு மூன்று தையல் போட்டால் போதும். ஊசி, ஸ்டேப்ளர், ஒட்டுத்தாள் எதுவும் கூடாது.

மூன்றாவது மேசையில் கதை. நல்ல கேட்பாளி ஒருவரை உட்கார வையுங்கள், அனுமதி வாங்கிக்கொண்டு போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். "யார் தைத்தது?" என்று ஆரம்பித்தால் "தெரியாது" என்று முடிந்துவிடும். "இது எந்த அறையில் இருந்தது? யார் போர்த்திக்கொள்வார்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் பேச வேண்டியதே இருக்காது.

4. வயதைக் கணிப்பது

எளிய விதி: ஒரு குயில்ட் அதில் உள்ள மிகப் புதிய துணியைவிடப் பழையதாக இருக்க முடியாது. பாட்டி காலத்துத் துண்டுகளைப் பேத்தி சேர்த்துத் தைத்திருக்கலாம், பழைய மேல்துணிக்கு ஐம்பது வருடம் கழித்து அடித்துணி போட்டிருக்கலாம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் புதியதைத் தேடுங்கள்.

சாயமும் துணியும் நிறைய சொல்லும். வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தது 1856-ல், ஆகவே அந்த வகைச் சாயம் உள்ள துணி அதற்கு முந்தியதாக இருக்காது. சில குயில்ட்களில் மற்ற துணியெல்லாம் திடமாக இருக்க, பழுப்பு நிறப் பூக்கள் மட்டும் பொடிந்து பஞ்சு வெளியே தெரியும். அந்தப் பழுப்பைப் பிடிக்க வைக்க இரும்பு உப்பு சேர்த்திருப்பார்கள், அதுவே காலப்போக்கில் நூலை அரித்துவிட்டது. எலி கடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கற்ற பட்டு, வெல்வெட் துண்டுகளை வண்ண நூலால் அலங்கரித்த கிரேஸி குயில்ட் வந்தால் பெரும்பாலும் 1880-களை ஒட்டியது. மாவு, தீவன மூட்டைகளின் பூப்போட்ட துணியில் தைத்திருந்தால் 1930-களை நினைக்கலாம். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்களைக் கவர மூட்டைத் துணியிலேயே பூ அச்சடித்து விற்றார்கள். பாலியெஸ்டர் பஞ்சு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது.

நம்பக் கூடாதவையும் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பஞ்சில் விதைத்துணுக்குத் தெரிகிறது, ஆகவே இது 1793-ல் பருத்தி ஜின் என்ற விதை நீக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தியது என்பார்கள். இயந்திரத்தில் விதை நீக்கிய மலிவான பஞ்சிலும் விதைத்துணுக்கு இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கடவுளைத் தவிர யாரும் பிழையற்றவர் இல்லை என்று காட்ட வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தவறாகத் தைத்தார்கள் என்பதும், தப்பியோடிய அடிமைகளுக்குக் குயில்ட் வடிவங்கள் ரகசிய வழிகாட்டியாக இருந்தன என்பதும் மனதைத் தொடும் கதைகள்தான், ஆனால் அந்தக் காலத்து ஆவணச் சான்று இல்லை. ஒரு குடும்பம் அப்படிச் சொன்னால் "குடும்பத்தார் இவ்வாறு சொல்கிறார்கள்" என்று எழுதுங்கள், உங்கள் குரலில் எழுதாதீர்கள்.

5. கையாள்வது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவையுங்கள், பேனா வேண்டாம், பென்சில் மட்டும். தூக்கும்போது இரண்டு பேர், விளிம்பைப் பிடித்து இழுக்காமல் அடியில் கை கொடுத்து. தரையில் சுத்தமான வெள்ளைத் துணி இல்லாமல் விரிக்காதீர்கள். மடிக்க வேண்டியிருந்தால் பழைய மடிப்புக் கோட்டை விட்டு வேறு இடத்தில் மடித்து, மடிப்புக்குள் அமிலமற்ற டிஷ்யூ தாளை உருட்டி வையுங்கள். துவைக்கலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வேண்டாம். கண்காட்சிக்காக எந்தப் பழைய குயில்ட்டையும் துவைக்கக் கூடாது. சிவப்புச் சாயம் வெள்ளைக்குள் ஓடினால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

6. மாட்டுவதும் கிடத்துவதும்

முதல் முறை நான் உதவிக்குப் போன ஒரு கண்காட்சியில் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தோம். மதியத்துக்குள் கிளிப் பிடித்த இடமெல்லாம் கூம்பு மாதிரி மேலே இழுத்துக்கொண்டு நின்றது, இரண்டு கிளிப்புக்கு நடுவே துணி தொய்ந்து தையல் தெறித்திருந்தது. நூறு வருடமாகப் படுக்கையில் கிடந்த போர்வையின் முழு எடையையும் ஏழு புள்ளிகளில் சுமக்க வைத்துவிட்டோம். உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லை, விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் கண் முதலில் போவது மேல் விளிம்புக்குத்தான்.

எடை அகலம் முழுவதும் சமமாகப் பரவ வேண்டும், அதற்குத் துணிக்குழல் தைக்க வேண்டும். துவைத்துக் கஞ்சி போக்கிய வெள்ளைப் பருத்தித் துணியில், தட்டையாக வைத்தால் 10 செ.மீ. அகலம் வரும்படி குழல் தைத்து, குயில்ட்டின் பின்பக்கம் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே பிணையுங்கள். ஊசி அடித்துணியையும் பஞ்சையும் பிடிக்க வேண்டும், மேல்துணிக்கு வெளியே வரக் கூடாது. உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு தையல்கூடப் போடாதீர்கள். குழலுக்குள் கம்பி போகும். மரக்கம்பி என்றால் மரத்தின் அமிலம் துணியில் ஏறாமல் இருக்கத் தடுப்புத் தாள் சுற்றுங்கள், அலுமினியக் குழாய் என்றால் அந்தக் கவலை குறைவு. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டு மாட்டி, வருகிறவர் கை எட்டாத தூரத்தில் கயிறு கட்டுங்கள்.

எல்லாவற்றையும் மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. பட்டுக் கிரேஸி குயில்ட்கள் படுத்தபடிதான் இருக்க வேண்டும். அன்றைக்குப் பட்டுத் துணியை எடைபோட்டு விற்றார்கள், பட்டு நூலில் இயல்பாக உள்ள பசையை நீக்கும்போது குறைந்த எடையை ஈடுகட்டத் தகரம், இரும்பு போன்றவற்றின் உப்பை ஏற்றினார்கள். அந்த உப்பு பட்டு நூலை உள்ளிருந்தே நொறுக்கும், நேர்கோடு நேர்கோடாகப் பிளந்து நிற்கும், தொங்கவிட்டால் இன்னும் வேகமாகப் பிளக்கும். இவற்றுக்குச் சாய்வுப் பலகை செய்து பருத்தித் துணி போர்த்தி, சாய்வு 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கலாம். ஒரு பழைய கட்டிலைக் கொண்டுவந்து சுத்தமான விரிப்பின் மேல் விரித்தால் இன்னும் நல்லது. குயில்ட் பிறந்த இடமே கட்டில்தானே. நீண்ட மரப் பெஞ்சுகள் உள்ள கூடமாக இருந்தால் பெஞ்சின் முதுகில் வெள்ளைத் துணி சுற்றி அதன் மேல் திடமான குயில்ட்களைப் போர்த்தலாம், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

7. விவரச் சீட்டு

ஹாரியெட் பவர்ஸ் 1837-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த பைபிள் கதைக் குயில்ட் 1886-ல் அதே மாநிலத்து ஏதென்ஸ் ஊரின் பருத்திச் சந்தையில் காட்சிக்கு இருந்தது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தர மறுத்தார். சில வருடம் கழித்துக் கஷ்ட காலத்தில் ஐந்து டாலருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை இருக்கிறது என்று அவர் விளக்கினார், ஸ்மித் அதை எழுதி வைத்துக்கொண்டார். இன்று அந்தக் குயில்ட் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால், அந்த உருவங்களைத் தைத்தவர் மனதில் என்ன இருந்தது என்று யாரும் ஊகிக்கத்தான் முடியும். உங்கள் மூன்றாவது மேசையில் நடப்பதும் இதே வேலைதான்.

சீட்டில் வடிவத்தின் பெயர், ஏறத்தாழக் காலம், துணி, தைத்தவர், எப்படி வந்தது, இவ்வளவும் 60 சொற்களுக்குள். தைத்தவர் பெயர் தெரியாவிட்டால் "தைத்தவர் பெயர் தெரியவில்லை" என்று எழுதுங்கள், விடுபட்டதுபோல் காலியாக விடாதீர்கள். கூடவே கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். சில குயில்ட்களில் மேல் விளிம்பில் மட்டும் தனியாக ஒரு துணிப் பட்டை தைத்திருக்கும். போர்த்திக்கொள்பவரின் முகமும் தாடியும் உரசி விளிம்பு அழுக்காகாமல் இருக்க, கழற்றித் துவைத்துத் திரும்பத் தைக்க வசதியாகப் போட்டது அது. "மேல் விளிம்பைப் பாருங்கள், இங்கேதான் ஒருவர் முகம் இருந்தது" என்று எழுதினால், பத்தடி தள்ளி நின்றவர் கிட்டே வந்து குனிந்து பார்ப்பார். எழுத்து பெரிதாக இருக்கட்டும், அறை மங்கல் என்பதை மறக்காதீர்கள். உரிமையாளர் முகவரி சீட்டில் வேண்டாம், பெயரும் அவர் விரும்பினால் மட்டும்.

8. பணம் எங்கிருந்து வரும்

நுழைவுக் கட்டணம் ஒன்றே போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கூடம், காப்பீடு, விளக்கு, அச்சு, இந்தச் செலவுகளை வாசல் திறப்பதற்கு முன்பே புரவலர்களிடம் வாங்கிவிடுங்கள். அப்போதுதான் வாசலில் வரும் பணம் முழுவதும் கட்டிடத்துக்குப் போகிறது என்று பலகையில் எழுத முடியும், அந்த ஒரு வரிக்கு நன்கொடைப் பெட்டியில் பலன் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி கையெழுத்துக் குயில்ட். 1917 டிசம்பரில், முதல் உலகப் போர் நேரத்தில், மாடர்ன் பிரிசில்லா என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு யோசனையை அச்சிட்டது: செஞ்சிலுவை போட்ட குயில்ட்டில் பெயர் பொறிக்க ஆளுக்கு ஒரு தொகை வாங்கி, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 1,000 டாலர் திரட்டலாம் என்று. பல ஊர்களில் பெண்கள் அப்படித் தைத்தார்கள், அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. நீங்களும் புதுத் துணியில் கட்டங்கள் வெட்டிவைத்து, பணம் கொடுத்தவர் பெயரை எழுதி வாங்கி, பிறகு சேர்த்துத் தைத்து, அந்தக் கட்டிடத்திலேயே வைத்துவிடலாம். பேனா மட்டும் துணிக்கென்று விற்கும், அழியாத, அமிலமற்ற மையாக இருக்கட்டும். பழைய கையெழுத்துக் குயில்ட்களில் இரும்பு கலந்த மை துணியைத் தின்று, எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

குலுக்கல் வைப்பதானால் புதிதாகத் தைத்த குயில்ட்டை வையுங்கள், பழையதை வேண்டாம். பல இடங்களில் குலுக்கலுக்கு உரிமம் வேண்டும், விசாரித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளரை ஒரு மேசையில் உட்கார வைத்துக் கட்டணத்தில் ஒரு பங்கு வாங்கலாம், ஆனால் அவர் அந்த இடத்திலேயே எந்தக் குயில்ட்டையும் விலைக்கு வாங்கக் கூடாது என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். துணி, நூல் விற்பவர்களுக்கு மேசை வாடகை, படங்கள் போட்ட அஞ்சல் அட்டை, ஒரு ஜன்னலின் செலவை ஒருவரே ஏற்கும் ஜன்னல் தத்தெடுப்பு, இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பணத்தை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணுங்கள், ஒவ்வொரு மாலையும்.

9. அந்த இரண்டு நாள்

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தன்னார்வலர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றம். வெள்ளைக் கையுறை போட்ட சிலரை மட்டும் குயில்ட்டைத் தொட அனுமதியுங்கள். யாராவது பின்பக்கத்தைப் பார்க்கக் கேட்டால் அவர்கள் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டுவார்கள், அதனால் மற்றவர்களுக்கும் "தொடக் கூடாது" என்பது சொல்லாமலே புரிந்துவிடும். இரவில் பூட்டும்போது பட்டியலை வைத்து எண்ணிப் பூட்டுங்கள்.

தனிக் கட்டணத்தில் நடத்த வேண்டிய நிகழ்ச்சி பெட் டர்னிங். ஒரு கட்டிலில் பத்துப் பதினைந்து குயில்ட்களை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்திருப்பார்கள். சுற்றிலும் நாற்காலி. இரண்டு பேர் மேலே இருப்பதைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் அதன் கதையைச் சொல்வார், சொல்லி முடித்ததும் மடித்து வைத்துவிட்டு அடுத்தது. ஒவ்வொன்றையும் தூக்கும்போது கீழே இருப்பதன் நிறம் திடீரென்று தெரியும், அந்த ஒரு கணத்துக்கு அறையே மூச்சை இழுத்துக்கொள்ளும். மாட்ட முடியாத, ஆனால் தூக்கினால் தாங்கும் குயில்ட்களுக்கு இது நல்ல வழி. நொறுங்கும் பட்டுகளை இதில் சேர்க்க வேண்டாம். பழையதிலிருந்து புதியதுக்கு வரும்படி அடுக்குங்கள், உரிமையாளர் விரும்பினால் அவரே கதை சொல்லட்டும். முப்பது பேருக்கு மேல் விடாதீர்கள், பின்னால் இருப்பவருக்குத் தையல் தெரியாது. கூட்டம் அதிகமென்றால் இன்னொரு முறை நடத்திக்கொள்ளலாம். கதைகள் முடிந்ததும் கட்டிட வேலையைப் பற்றி ஒருவர் இரண்டு நிமிடம் மட்டும் பேசட்டும்.

10. திருப்பிக் கொடுப்பது

கடைசி நாள் மாலை எல்லோரும் களைத்திருப்பார்கள், அந்த நேரத்தில்தான் மாற்றிக் கொடுப்பதும் கிழிப்பதும் நடக்கும். மாட்டிய அதே குழு, ஒரு நேரத்தில் ஒரு குயில்ட் என்று இறக்கட்டும். படிவத்தின் பிரதி இல்லாமல் யார் வந்தாலும் கொடுக்காதீர்கள், தெரிந்தவர் என்றாலும்கூட. மேசையில் விரித்து, வாங்கும்போது எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு உறைக்குள் போகட்டும். அன்றைக்கு வராதவர்களுக்கு மறுநாள் காலை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொடுக்கும்போது ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள்: பரணும் ஈரமான கீழறையும் வேண்டாம், மரப்பெட்டியில் வைத்தால் அமிலமற்ற தாளோ சுத்தமான பருத்தித் துணியோ சுற்றி வையுங்கள், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், யாரும் படுக்காத கட்டில் வீட்டில் இருந்தால் வெயில் படாமல் அதன் மேல் விரித்து மேலே ஒரு விரிப்புப் போடுங்கள். ஒலிப்பதிவின் பிரதியும் அவருக்கு. படங்களும் படிவங்களும் இன்னொரு பிரதியாக, அனுமதி கொடுத்தவர்களுடையவை மட்டும், ஊர் நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ போகட்டும்.

ஒரு மாதத்துக்குள் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, எவ்வளவு கட்டிடத்துக்கு என்ற கணக்கை எல்லோருக்கும் அனுப்புங்கள். வேலை தொடங்கிய பிறகு முதல் ஜன்னலைக் கழற்றிய படத்தை, குயில்ட் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். பின்பக்கம் தைத்த துணிக்குழலைப் பிரிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குச் சம்மதம் என்றால் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள், தையல் உறுதியாகத்தான் இருக்கிறது, அடுத்த முறைக்கு ஆகும்.